உயிர்ப்புப் பாடலைப் பேய்ப் படத்தில் போட்டால் அது பேய்ப் பாட்டாகிவிடுமா?

வடக்குமாசி

ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' (1980) படத்தை இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள். பனியில் அடைபட்ட ஹோட்டல், கோடரியோடு கணவன், அலறி ஓடும் மனைவி. அந்தக் கடைசிப் பகுதியில் கத்தலும் முனகலும் கிசுகிசுப்புமாக ஒரு கூட்டுப் பாடல் வருகிறதே, அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று தேடிப் பார்த்தேன். எரிச்சல்தான் மிஞ்சியது.

போலந்து இசையமைப்பாளர் கிஷிஷ்டோஃப் பெண்டெரெட்ஸ்கியின் 'உத்ரென்யா' என்ற படைப்பின் இரண்டாம் பாகம் அது. அந்தப் பாகத்தின் பொருளே கிறிஸ்துவின் உயிர்த்தெழுதல். படத்துக்காக வெட்டியெடுத்த துண்டுகளில் ஒன்று, கிழக்குத் திருச்சபைகள் ஈஸ்டர் நள்ளிரவில் பாடும் பாஸ்காப் பாடல். எட்டாம் நூற்றாண்டில் தமஸ்கு யோவான் இயற்றியதாக மரபு சொல்கிறது. இது உயிர்ப்பின் நாள், மக்களே ஒளிபெறுவோம் என்று தொடங்கும்.

கிறிஸ்தவம் தன் உச்ச மகிழ்ச்சியாகக் கருதும் சொற்களை, கொலைகாரன் துரத்தும் காட்சிக்குப் பின்னணிச் சத்தமாக்கியிருக்கிறார்கள். பாட்டின் மொழியான ஸ்லாவோனியம், கிழக்குத் திருச்சபையின் பழைய வழிபாட்டு மொழி, புரியாத கோடிக்கணக்கான பேருக்கு அது இனிமேல் பேய்ச் சத்தம்தான். இதைப் 'புது விளக்கம்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியுமா? என்னைக் கேட்டால் இது விளக்கமே இல்லை, களவு. நான் மதப்பற்றுள்ளவன் அல்லன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு படைப்பு எதைச் சொல்ல எழுந்ததோ அதற்கு நேர்மாறாக அதைப் பேசவைப்பது எனக்கு ஒப்பவில்லை.

கறுப்புத்தட்டு

களவு என்றால் சொந்தக்காரர் யார் என்று முதலில் காட்ட வேண்டும், நண்பரே.

பெண்டெரெட்ஸ்கி கத்தோலிக்கர். அவர் எடுத்துக்கொண்டது ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டுப் பாடம். முதல் பாகம் 1970இல் ஜெர்மனியின் ஆல்டென்பெர்க் பேராலயத்தில் அரங்கேறியது. இரண்டாம் பாகம் 1971இல் மியூன்ஸ்டர் பேராலயத்தில். அதாவது போலந்துக் கத்தோலிக்கர் கிழக்குத் திருச்சபையின் பாடலை எழுத, மேற்குத் திருச்சபையின் கோயில்களில் ஜெர்மானியர்கள் கேட்டார்கள். இன்னொன்று: ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டில் இசைக்கருவிக்கே இடமில்லை, மனிதக் குரல் மட்டும்தான். பெண்டெரெட்ஸ்கியோ இரண்டு பெரிய பாடகர் குழுக்களோடு முழு ஆர்க்கெஸ்ட்ராவையும் தாளக்கருவிப் படையையும் இறக்கியிருக்கிறார். மாஸ்கோவின் ஒரு பழைய கோயிற் பாடகர் இதைக் கேட்டால், குப்ரிக்கிடம் போவதற்கு முன் பெண்டெரெட்ஸ்கியின் சட்டையைத்தான் பிடித்திருப்பார்.

படத்துக்கு வரும் முன்பே அது வீடு மாறிய பாட்டு.

ஐயக்காரி

எல்லோரும் ஏன் இவ்வளவு சுற்றி வளைக்கிறீர்கள்? அந்த ஒலியைக் கேளுங்கள். அடுத்தடுத்த சுரங்களை ஒரே நேரத்தில் அடுக்கி வைத்த இரைச்சல், வழுக்கிக்கொண்டு மேலே போகும் குரல்கள், திடீர் அடி. மனிதர் அலறும்போது எழும் ஒலியின் குணங்கள்தாம் இவை. பயம் ஒலியில் இருக்கிறது, குப்ரிக் அதைக் கேட்டார், எடுத்துக்கொண்டார். சொற்கள் ஈஸ்டரா தீபாவளியா என்பது காதுக்குத் தெரியாது.

மேடைப்பின்னால்

தோழி ஐயக்காரிக்கு: நான் வயலின் வாசிப்பவன். இந்த வகை இசையை வாசித்தும் இருக்கிறேன். பயம் ஒலியிலேயே இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இதே பெண்டெரெட்ஸ்கி 1960இல் 52 தந்திக் கருவிகளுக்கு ஒன்று எழுதினார். முதலில் அதற்கு வைத்த பெயர் '8 நிமிடம் 37 விநாடி'. நீளத்தைச் சொல்லும் வெறும் எண். வாசித்துக் கேட்ட பிறகுதான் 'ஹிரோஷிமாவில் பலியானோருக்கான புலம்பல்' என்று மாற்றினார். இன்று அதைக் கேட்கும் யாருக்கும் தொடக்கத்தில் வரும் உச்சத்தாயி விமானமாகவோ சங்காகவோதான் கேட்கும். ஒரு சுரம்கூட மாறவில்லை, மேலட்டைதான் மாறியது. இதில் எது மூலப்பொருள்? எண்ணா, ஹிரோஷிமாவா? எழுதியவரே இரண்டையும் வைத்திருக்கிறார் என்பதுதான் சிக்கல்.

1961இல் எழுதிய 'போலிமார்ஃபியா' இன்னும் வேடிக்கை. மேலே சொன்ன புலம்பலை மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் போட்டுக் காட்டி, அவர்களின் மூளை மின்னலைகள் தாளில் வரைந்த கோடுகளை வைத்து எழுதியது. 48 தந்திகள். தாளில் சுரங்களுக்குப் பதிலாக ஏறி இறங்கும் கோடுகள் ஓடும். வில்லைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டின் மேல் விரலை நடத்த வேண்டும். 'தி எக்ஸார்சிஸ்ட்' (1973) படம் இதையும் எடுத்துக்கொண்டது. ஆனால் அந்த இசை எப்படி முடிகிறது தெரியுமா? எல்லா அமளிக்கும் பிறகு, பளிச்சென்று ஒரு சி மேஜர். பள்ளிப் பிள்ளைகள் முதலில் கற்கும் அதே சுரக்கூட்டு. அந்த ஒரு நாதத்துக்காகத்தான் மீதி எல்லாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும். பேய்ப் பட இசை என்று மட்டும் தெரிந்தவர்களிடம் அதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

வடக்குமாசி

கறுப்புத்தட்டு சொன்ன இடமாற்றங்களை மறுக்கவில்லை. அவை எல்லாமே படைப்பை முழுதாகத் தூக்கிக்கொண்டு போனவை. ஆர்த்தடாக்ஸ் கோயிலிலிருந்து கத்தோலிக்கப் பேராலயத்துக்கு, அங்கிருந்து கச்சேரி மண்டபத்துக்கு. பாஹ்கின் மத்தேயு பாடுகள் இசைக்கு நடந்ததும் அதுவே. லைப்சிக்கின் தோமா ஆலயத்தில் பெரிய வெள்ளிக்கிழமை மாலை வழிபாட்டுக்கு, இரண்டு பாதிகளுக்கு நடுவே பிரசங்கம் வருமாறு எழுதியது. 1829இல் மெண்டல்சோன் அதைப் பெர்லினில் கச்சேரியாக நடத்தினார். (அவரும் பல பகுதிகளை வெட்டினார் என்று யாராவது வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.) பிரசங்கம் போனது, வழிபாடு போனது. இருந்தாலும் உட்கார்ந்தவர்கள் சிலுவைக் கதையைத்தான் கேட்டார்கள்.

'தி ஷைனிங்'கில் நடந்தது வேறு. இசைத் தொகுப்பாளர் கார்டன் ஸ்டெயின்ஃபோர்த், பெண்டெரெட்ஸ்கியின் வெவ்வேறு படைப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓடவிட்டிருக்கிறார். காட்சியின் அடிக்கு ஏற்ப வெட்டி ஒட்டியது. அப்படியிருக்க, நாம் படத்தில் கேட்பது யாருடைய இசை? எந்த இசைக்குழுவும் எந்த மேடையிலும் வாசிக்காத ஒன்று அது. கட்டடம் இடம் மாறினால் நான் வருந்த மாட்டேன். செங்கல்லை உருவி வேறு சுவர் கட்டிவிட்டு 'இதுவும் அந்தக் கட்டடத்தின் ஒரு விளக்கம்' என்று சொல்லும்போதுதான் கோபம் வருகிறது.

விஸ்துலாக் கரை

வார்சாவில் வேலை பார்க்கிறேன். உத்ரென்யாவை இங்கே நேரில் கேட்டிருக்கிறேன், ஆகவே ஒரு வார்த்தை.

தொடக்கத்தில் எனக்குப் படம்தான் ஓடியது. குளியலறைக் கதவு, கோடரி, எல்லாம். தலையை உதறினாலும் போகவில்லை. நிகழ்ச்சிக் கையேட்டில் ஸ்லாவோனியப் பாடத்தை லத்தீன் எழுத்தில் அச்சிட்டு, எதிர்ப்பக்கத்தில் போலிஷ் மொழிபெயர்ப்புக் கொடுத்திருந்தார்கள். பக்கத்து இருக்கையில் வயதான ஓர் அம்மாள் அந்தக் கையேட்டில் வரிவரியாக விரல் வைத்துக்கொண்டே வந்தார். பாடகர் குழு எந்த வரியில் கத்துகிறது, எந்த வரியில் கிசுகிசுக்கிறது என்று அவர் விரலைப் பார்த்தே எனக்குப் பிடிபட்டது. அதற்குப் பிறகு படம் மறைந்துவிட்டது. 'கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்' என்பதை அத்தனை குரல்களும் ஒரே நேரத்தில், ஒருவர் முடிக்கும் முன் இன்னொருவர் என்று பாய்ந்து சொல்கிறார்கள். இங்கே கிழக்கு எல்லைப் பக்கம் ஓர் ஆர்த்தடாக்ஸ் கோயிலில் ஈஸ்டர் இரவு நின்றவருக்கு அது அந்நியமாக இராது. குரு கூவுவார், கூட்டம் திருப்பிக் கத்தும், மணி அடிக்கும், ஒழுங்கு என்று ஒன்றும் இராது. படத்தில் வெறியாகக் கேட்டது, அங்கே கூட்டத்தின் களிப்பு.

ஐயக்காரியின் 'காதுக்குத் தெரியாது' என்பது சரிதான். காது தனியாகக் கச்சேரிக்குப் போவதில்லை என்பதுதான் என் பதில்.

உபதேசியார் பேரன்

உத்ரென்யா எனக்குப் புதிது. ஆனால் அதே படத்தின் முதல் காட்சியில், மலைப்பாதையில் கார் போகும்போது வரும் மெட்டு எங்கள் வீட்டுச் சொத்து. வெண்டி கார்லோஸும் ரேச்சல் எல்கைண்டும் மின்னிசைக் கருவியில் வாசித்திருக்கும் அது 'தியெஸ் இரே', கடுஞ்சினத்தின் நாள். இறந்தோருக்கான பூசையில் பாடியது. 13ஆம் நூற்றாண்டுப் பாடல், பிரான்சிஸ்கன் துறவி செலானோ தோமாவின் பெயரில் வழங்குகிறது. என் தாத்தா எங்கள் ஊரில் உபதேசியார். பூசை லத்தீனில் இருந்த காலத்தில் கல்லறைத் திருநாளில் குருவானவர் கறுப்பு உடையில் நிற்க, இதை அவர்தான் எடுத்துக் கொடுப்பார். லத்தீன் தெரியாது. உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிய நோட்டு ஒன்று வைத்திருந்தார். அந்த நோட்டு இப்போது என்னிடம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வந்த புதிய பூசை முறையில் அடக்கப் பூசையிலிருந்து இந்தப் பாடலை எடுத்துவிட்டார்கள். தீர்ப்பையும் அச்சத்தையும் குறைத்து உயிர்ப்பின் நம்பிக்கையை முன்வைக்க வேண்டும் என்பது காரணம். இப்போது குருக்களும் துறவியரும் அன்றாடம் சொல்லும் திருப்புகழ்மாலையில், ஆண்டின் கடைசி வாரத்தில், விரும்பினால் சொல்லலாம் என்ற அளவில் ஒதுங்கிக் கிடக்கிறது. கோயில் கைவிட்டதைச் சினிமா எடுத்து வளர்த்தது. இப்போது எங்கள் பங்கில் கல்லறைத் திருநாளுக்கு ஒருமுறையாவது இதைப் பாடலாம் என்று சொன்னேன். கீபோர்டு வாசிக்கும் தம்பி முதல் நான்கு சுரங்களைக் கேட்டதுமே, "அண்ணா, இது பேய்ப்பட மெட்டு ஆயிற்றே, சிரிப்பார்கள்" என்றான். இது எங்கள் பாட்டு என்று அவனிடம் சொந்தம் கொண்டாட எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை. சினிமாக்காரர்களிடமும் சண்டை போட முடியவில்லை, நாங்களே தூக்கிப் போட்டது.

கறுப்புத்தட்டு

சினிமாவுக்கு முன்பே அது பேய்களிடம் போய்விட்டது. 1830இல் பெர்லியோஸ் தன் 'அதிசய சிம்பொனி'யின் கடைசிப் பகுதியில், சூனியக்காரிகளின் கூட்டத்துக்கு நடுவே, மணியடித்து, கனத்த பித்தளைக் கருவிகளில் இதை முழங்கவிட்டார். நாத்திகக் கிண்டல் அது. அதன்பின் லிஸ்ட், சாங்சான்ஸ் என்று வரிசை. சாங்சான்ஸ் 1874இல் அதை மேஜருக்கு மாற்றி, எலும்புக்கூடுகள் ஆட வால்ட்ஸ் ஆக்கினார்! ராஹ்மானினோஃப் வாழ்நாள் முழுக்க அதை விடவில்லை. கடைசிப் பெரும்படைப்பான 1940இன் 'சிம்பொனி நடனங்க'ளிலும் அது வருகிறது. ஆனால் அவர் வளர்ந்த ரஷ்யக் கோயிலில் அந்தப் பாட்டே கிடையாது. கச்சேரி மண்டபத்தில் கற்றுக்கொண்ட மரண பயம்.

ஐயக்காரி

என் கட்சிக்கே பலம் சேர்க்கிறீர்கள். பெர்லியோஸ், லிஸ்ட், ராஹ்மானினோஃப், குப்ரிக் என்று இத்தனை பேர் ஒரே நான்கு சுரத்தில் ஒரே இருட்டைக் கேட்டிருக்கிறார்கள் என்றால், இருட்டு அங்கேதானே இருக்க வேண்டும்?

உபதேசியார் பேரன்

அம்மா, அந்த நோட்டைப் பார்த்து ஒன்று சொல்கிறேன்.

முதல் நான்கு சுரம் நம் கணக்கில் ம-க-ம-ரி. பாட்டில் பதினேழு மூவடிகள், முடிவில் வடிவம் மாறும் சில வரிகள். மெட்டுகள் மூன்றுதான். ஒவ்வொன்றையும் இரண்டு மூவடிகளுக்குப் பாடிவிட்டு அடுத்ததற்குப் போவது. மூன்றும் முடிந்தால் மறுபடி முதல் மெட்டு. ஆக ம-க-ம-ரி முதல் மூவடியோடு ஓய்ந்துவிடுவதில்லை. ஏழாவதில் திரும்ப வருகிறது. அதுவரை உலகம் சாம்பலாவதையும் எக்காளம் கல்லறைகளில் ஒலிப்பதையும் தூரத்திலிருந்து சொல்லிவந்த பாட்டு, அங்கேதான் முதன்முதலாக 'நான்' என்று பேசுகிறது: அப்போது எளியவன் நான் என்ன சொல்வேன்? பதின்மூன்றாவதில் மறுபடியும் அதே ம-க-ம-ரி. அங்கே சொற்கள்: மரியாளை மன்னித்தீர், கள்வனுக்குச் செவிகொடுத்தீர், எனக்கும் நம்பிக்கை தந்தீர்.

அதே நான்கு சுரம். ஒரு எழுத்துக்கூட மாறாத மெட்டு. இதில் இருட்டு எங்கே இருக்கிறது? பெர்லியோஸ் முதல் எல்லோரும் முதல் அடியை எடுத்துக்கொண்டு கடையைச் சாத்திவிட்டார்கள். தாத்தாவின் நோட்டில் பதின்மூன்றாவது மூவடிக்குப் பக்கத்தில்தான் பென்சில் குறி இருக்கிறது, மெதுவாக என்று.

வடக்குமாசி

இதைத்தான் நான் தடவிக்கொண்டிருந்தேன், நன்றி. இடம் மாறுவதோ கருவி மாறுவதோ பொய்யாக்குவதில்லை. படைப்பின் மீதிப் பகுதி வாய் திறக்க முடியாதபடி நறுக்குவதுதான் பொய்யாக்குகிறது. இசை நடத்துநர் ஹார்னன்கோர்ட் போன்றவர்கள் 1950களிலிருந்து குடல்தந்தி, பழைய வில், சிறிய குழு என்று தேடியதை 'உண்மைத்தன்மை' என்று கொண்டாடினார்கள். அது பழமை அல்ல, நம் காலத்து ரசனைக்குப் பழைய உடை போட்டது என்று இசை ஆய்வாளர் ரிச்சர்ட் தாருஸ்கின் அடித்துச் சொன்னார். எனக்கு அந்தச் சண்டையில் தாருஸ்கின் பக்கம்தான் சாய்வு. குடல்தந்தியில் வாசித்தாலும் எஃகுத் தந்தியில் வாசித்தாலும் பதின்மூன்றாவது மூவடியை வாசிக்கிறாயா என்பதே கேள்வி.

நிழற்குடை

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். வடக்குமாசி ஐயா 'முழுமை' என்பதை நம்பி நிற்பது எனக்குச் சற்று அவசரமாகப் படுகிறது. அதுவும் உயிர்ப்பு விஷயத்தில்.

மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய முழுப் பிரதிகளான வத்திக்கான் ஏடும் சீனாய் ஏடும் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் நற்செய்தி 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. கல்லறை வெறுமையாக இருக்கிறது, அவர் உயிர்த்தெழுந்தார் என்று பெண்களுக்குச் சொல்லப்படுகிறது. அவர்கள் நடுங்கி ஓடுகிறார்கள், பயத்தில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவ்வளவுதான். தோன்றினார், பேசினார், விண்ணகம் சென்றார் என்ற 9 முதல் 20 வரையிலான வசனங்கள் பின்னால் சேர்ந்தவை என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் முடிவு. அப்படியானால் உயிர்ப்பின் மிகப் பழைய கதை அச்சத்தில் முடிகிறது. ஆறுதலான முடிவுதான் ஒட்டு. இங்கே நறுக்கியதுபோல் இருப்பதுதான் மூலம். முழுமையாக்கியது பிற்காலத்துக் கை.

மொட்ஸார்ட்டின் இறந்தோர் பூசையிசையையும் நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 'லாக்ரிமோசா' என்ற பகுதி அவர் கையில் எட்டு இசைக்கட்டங்களோடு நின்றுபோகிறது. நாம் மண்டபத்தில் கண் கலங்கும் மீதி, அவர் மாணவர் சூஸ்மையரின் கை.

ஜெர்மன் இறையியலாளர் ருடால்ஃப் ஓட்டோ 1917இல் 'புனிதம்' பற்றி எழுதியபோது, தெய்வத்தின் முன் வரும் நடுக்கமும் பேயை நினைத்து வரும் சிலிர்ப்பும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்றார். பேய் பயம் அதன் பக்குவப்படாத வடிவம் என்பது அவர் கருத்து. மாற்குவின் பெண்கள் கல்லறையிலிருந்து ஓடியபோது அவர்களைப் பிடித்தது எந்தக் கிளை? விஸ்துலாக் கரை நண்பர் களிப்பைக் கேட்டார், குப்ரிக் திகிலைக் கேட்டார். பெண்டெரெட்ஸ்கி இரண்டையும் எழுதியிருக்கலாம். செத்தவர் எழுந்து வருவதைக் கண்டு நடுங்காமல் மகிழ மட்டும் செய்பவர்கள், அதைப் பலமுறை கேட்டுப் பழகியவர்களாகத்தான் இருப்பார்கள். அந்த நடுக்கத்தை ஒரு திகில் படம் திருப்பிக் கொடுத்தது என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வருமா?

வடக்குமாசி

வரும். மாற்குவின் பெண்கள் உயிர்த்தெழுந்தவரைப் பற்றிய சொல்லைக் கேட்டுப் பயந்தார்கள். சொல் அவர்களுக்குப் புரிந்தது. 'தி ஷைனிங்' பார்ப்பவர் எதைக் கேட்டுப் பயப்படுகிறார்? கோடரியை. குப்ரிக் அந்தப் பெண்களின் நடுக்கத்தை எனக்குத் திருப்பிக் கொடுத்திருந்தால் அந்தப் பாட்டு எதைப் பற்றியது என்று படம் முடிவதற்குள் ஒரு துளியாவது எனக்குத் தெரிந்திருக்கும். மாற்கு வாதம் அழுத்தமானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது பெண்டெரெட்ஸ்கியைக் காப்பாற்றுகிறதே தவிர, குப்ரிக்கை அல்ல.

மேடைப்பின்னால்

குப்ரிக்குக்கு எதிர்த்திசையிலும் ஒரு கணக்கு உண்டு. அவருடைய '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' (1968) படத்தில் மர்மமான ஒரு கரிய தூண் வரும்போது, கடைசி முறை தவிர, இசையமைப்பாளர் லிகெட்டியின் இறந்தோர் பூசையிசையிலிருந்து 'கீரியே' ஒலிக்கிறது. இருபது குரல் வரிசைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னியிருக்கும், 'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்ற சொற்கள் ஒன்றுகூடத் தெளிவாகக் கேட்காது. லிகெட்டி யூதர். தந்தையையும் தம்பியையும் நாஜி முகாம்களில் இழந்தவர். அவரிடம் முன்கூட்டி அனுமதியும் வாங்கவில்லை. ஆனால் அந்தக் காட்சியில் குரங்குமனிதர்கள் தூணைத் தொட்டுப் பின்வாங்கும்போது எனக்குச் சிலிர்ப்பது திகில் அல்ல, கோயிலில் வருவதுதான். சொல் புரியாமலே அது நடக்கிறதே, வடக்குமாசி? ஒரே இயக்குநர், ஒரே திருட்டு முறை. ஒரு படத்தில் புனிதம் பேயாகிறது, இன்னொன்றில் புனிதம் புனிதமாகவே நிற்கிறது.

மட்டுறுத்துநர்

'எந்தப் பதிவு சிறந்தது' என்ற சண்டை தனிமடலில் தொடங்கியிருப்பதாகத் தெரிகிறது. அதற்குத் தனி இழை திறக்கவும்.

ஐயக்காரி

உபதேசியார் பேரனின் ம-க-ம-ரி என் வாதத்தை நன்றாகவே இடித்தது, பதில் யோசிக்கிறேன். அதற்குள் ஒரு கேள்வி: கல்லறைத் திருநாளுக்குப் பாடப்போகிறீர்களா, இல்லையா?

உபதேசியார் பேரன்

பங்குத்தந்தை பூசைக்குள் வேண்டாம், பூசை முடிந்து கல்லறை மந்திரிப்புக்குப் போகும் வழியில் பாடுங்கள் என்றார். நீளம் கருதி முதல் இரண்டு மூவடி மட்டும் போதும் என்றும் சொன்னார். முதல் இரண்டு மட்டும் பாடினால் அதுதான் சினிமா என்று சொல்லிப் பார்த்தேன். இப்போது ஏழும் பதின்மூன்றும் மட்டும் பாடுவதாகப் பேச்சு. கீபோர்டு வேண்டாம், வெறும் குரல். தம்பிக்கு இன்னும் மனமில்லை. பதின்மூன்றாவதின் பொருளைத் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நிழற்குடை

ஏழும் பதின்மூன்றும் மட்டும் என்றால் அதுவும் நறுக்கல்தான். வடக்குமாசி ஐயா என்ன சொல்கிறார் பார்ப்போம்.

வடக்குமாசி

கேட்டுவிட்டுச் சொல்கிறேன். யாராவது பதிவுசெய்து போடுங்கள்.